முனிலட்சுமி எழுதிய ஏழு நாட்கள்

கம்பெனியில் எங்கள் லைனில் பன்னிரண்டு பெண்கள். வண்டிகளுக்குப் போகும் வயர்களை ஆளுக்கொரு போர்டில் வைத்துச் சேர்த்துக் கட்டும் வேலை. கழிப்பறைக்குப் போக லைனுக்கு ஒரே ஒரு பச்சை பாஸ் உண்டு. நோட்டில் பெயரும் நேரமும் எழுதிவிட்டு, அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு ஷிப்டில் ஒரே பெயர் மூன்று தடவைக்கு மேல் வந்தால் சூப்பர்வைசர் மாதவன் கூப்பிட்டுக் கேட்பார்.

என் பக்கத்துப் போர்டு முனிலட்சுமிக்கு எட்டு, ஒன்பது தடவை போக வேண்டியிருந்தது. பேரிகை என்ற ஊர்க்காரி, வீட்டில் தெலுங்கு. அப்போது முப்பத்திரண்டு வயது. ரத்தமாகப் போவதை மூலம் என்று நினைத்து ஒன்றரை வருஷம் அதற்கு மருந்து சாப்பிட்டாள். பெங்களூர் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தபோதுதான் பெருங்குடல் முழுக்கப் புண் என்று தெரிந்தது. ஸ்டீராய்டு மாத்திரை போட்டால் நிற்கும், முகம் உப்பும். மாத்திரையைக் குறைத்தால் மறுபடியும் ஆரம்பிக்கும்.

அவள் போகிற தடவைகளை நாங்கள் பங்கு போட்டுக்கொண்டோம். நோட்டில் அவள் பெயரில் இரண்டு, மூன்றுதான் இருக்கும். மீதியெல்லாம் எங்கள் பெயர்களில்.

ஒரு நாள் மாதவன் நோட்டைப் புரட்டினார். "என்ன சுக்ரா, மதியத்துக்குள்ள நாலு தடவையா? நேத்து என்ன சாப்ட்ட?"

"உங்க கேன்டீன் சாம்பார்தான் சார்" என்றாள் சுக்ரா.

லைனே சிரித்தது. அவர் போனதும் சுக்ரா திரும்பினாள். "ஏய் முனி, என் மானத்த வாங்கறடி. நாளைக்கி இவ பேர்ல போ" என்று என்னைக் காட்டினாள்.

2008 மழைக்காலத்தில் மாத்திரை கேட்காமல் போயிற்று. கங்கப்பன், அவள் புருஷன், லோடு ஏற்றப் போயிருந்ததால் ஆஸ்பத்திரிக்குத் துணையாக நான் போனேன். டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்.

"உடம்பக் காக்கற அணுக்களே குடலத் தாக்குதும்மா. ஏன்னு முழுசா இன்னும் யாருக்கும் தெரியல. பரம்பரையா, குடல்ல இருக்கற கிருமியான்னு தேடிட்டிருக்காங்க. புதுசா ஒரு ஊசி ஆராய்ச்சியில இருக்கு. சேர்ந்தா இலவசம். சில பேருக்கு மருந்து, சில பேருக்கு வெறும் தண்ணி மாதிரி. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது."

"சேரலன்னா?"

"குடல எடுத்துட்டு, மலம் வெளிய வர வயித்துல பை வைக்கணும்."

"நான் ஊசியே போட்டுக்கறேன் மேடம்" என்றாள் முனிலட்சுமி.

நர்ஸ் அவள் பெயர், ஊர், வேலை செய்யும் கம்பெனி எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார். ஏழு நாள், தினமும் எத்தனை தடவை போனாள் என்று அவளே எழுத வேண்டும். நோய் போதுமான அளவு இருப்பவர்களைத்தான் சேர்ப்பார்கள்.

எட்டாம் நாள் மறுபடியும் போனோம். டாக்டரம்மா புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுதியிருந்தது எனக்கும் தெரிந்தது. மூன்று, இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, மூன்று. கம்பெனி நோட்டில் அவள் பெயரில் இருந்ததை அப்படியே எழுதியிருந்தாள். வீட்டில் போனதை எழுதவே இல்லை.

"குழாய்ல பார்த்தா இவ்வளவு புண் இருக்கு. மூணு தடவைதானா?"

நான் எழுந்து நின்றேன். "கம்பெனியிலயே ஒம்பது மேடம். ராத்திரி தனி."

"அப்ப ஏம்மா இப்படி எழுதின?"

"கம்பெனி பேர் கேட்டாங்களே மேடம். இந்தப் புக்கு அங்க போச்சின்னா, ரெண்டு நோட்டும் ஒண்ணா இருக்கணுமில்ல. இல்லன்னா எல்லாரும் மாட்டிக்குவாங்க."

டாக்டரம்மா வெளியே போய் யாருக்கோ போன் செய்தார். வெகுநேரம் பேசினார். திரும்பி வந்து, எழுதியதை அடித்து எழுத முடியாது என்றார். புதிதாக ஏழு நாள் எழுதலாம், ஆனால் வெள்ளிக்கிழமையோடு ஆள் எடுப்பது முடிகிறது. அன்று புதன்.

முனிலட்சுமி அழவில்லை. "சரிங்க மேடம்" என்று புத்தகத்தை மேசை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பஸ் அத்திப்பள்ளி தாண்டியது. பிறகு, "சுக்ராகிட்ட சொல்லாதக்கா, அவ என்னியக் கொன்னுடுவா" என்றாள்.

ஜனவரியில் குடலை எடுத்தார்கள். கம்பெனி வேலை போயிற்று. இப்போது பேரிகையில் ஒரு ரோஜாப் பண்ணையில் பூக்களை நீளம் பார்த்துப் பிரிக்கிறாள். புடவைக்குள் பை இருப்பது வெளியே தெரியாது.

போன மாதம் பண்ணைக்கே அவளைப் பார்க்கப் போயிருந்தேன். அந்த ஊசி நிறைய பேருக்குக் கேட்டதாம், சில பேருக்குக் கேட்கவில்லையாம், டாக்டரம்மா சொன்னார் என்றாள்.

"உனக்குக் கேட்டிருக்குமான்னு கேட்டியா?"

"கேட்டேன். தெரியாதுன்னுட்டாங்க."

அடுத்த பூக்கட்டை எடுத்து மேசையில் பிரித்துப் போட்டாள். நானும் ஒரு பக்கமாக நின்று முள் குத்தாமல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.