செவலையின் வேலை

இன்று காலை பட்டிப் பொங்கலும் அதுவுமாகப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் அப்பா, அய்யன், குரைத்தது ஞாபகம் வந்தது.

எனக்கு அப்போது எட்டு வயது. தொண்டாமுத்தூரில் எங்கள் வீட்டு நாய்க்குச் செவலை என்று பேர். பட்டிப் பொங்கலன்று, அதாவது மாட்டுப் பொங்கலன்று, மாட்டுப்பட்டியில் சாணியால் வரப்பு கட்டி, சின்னத் தெப்பக்குளம் செய்து தண்ணீர் விடுவோம். கன்று அதைத் தாண்டினால் பட்டி பெருகும் என்பார்கள். வருடா வருடம் செவலைதான் பின்னால் நின்று குரைத்துத் தாண்ட வைக்கும்.

அந்த வருடம் தைப்பொங்கலுக்கு முந்தின நாள் செவலை செத்துப்போனது. வயசாகிவிட்டது. தங்கச்சி இரண்டு நாளாகச் சோறு தொடவில்லை.

கன்று குளத்தங்கரையில் நின்றுகொண்டது. தள்ளியும் நகரவில்லை. செவலை இல்லாதது எல்லோருக்கும் உறைத்தது. சத்தமாகப் பேசியே அறியாத அய்யன், வேட்டியை மடித்துக் கட்டி, கன்றின் பின்னால் கையை ஊன்றிக் குனிந்து குரைத்தார். கன்று ஒரே தாவாகத் தாவியது.

"ஏனுங்க, எங்களையும் கடிச்சுப்போடாதீங்க" என்றாள் அம்மா.

முதலில் சிரித்தது தங்கச்சிதான். அப்புறம் பொங்கல் கேட்டாள்.

"செவலை வேலைய ஆராச்சும் பாக்கோணுமல்ல" என்றார் அய்யன். முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனவர் திரும்பி வர வெகுநேரம் ஆனது.

பக்கத்து வீட்டு நாய் இன்னும் குரைக்கிறது. அய்யன் அளவுக்கு இல்லை.