நாலு செகண்டை மிச்சம் பிடித்த கதை

போன வருடம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். நின்றுகொண்டிருந்தேன் என்று சொல்வது பொய். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து நடந்து, அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் தலைசுற்றல் வரவைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே என் அக்காவின் கணவர் தொடை எலும்பு முறிந்து கிடந்தார்.

மாமா சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி வைத்து லோடு அடிக்கிறார். அன்று விடிந்ததும் காய்கறி மூட்டைகளோடு திருக்கழுக்குன்றம் பக்கமிருந்து வரும்போது ஒரு மாடு குறுக்கே வந்துவிட்டது. மாட்டைக் காப்பாற்ற வண்டியை ஒடித்தவர், நேரே புளியமரத்தில் போய் மோதிவிட்டார். மாட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. மாமாவுக்கு ஏகப்பட்ட ரத்தம் போய்விட்டது. அவருடையது ஓ நெகட்டிவ். சட்டென்று கிடைக்காத வகை.

டாக்டர் வெளியே வந்து நிதானமாகச் சொன்னார். கையிருப்பில் இருந்த ஒரு பாட்டிலை ஏற்றியாயிற்று. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், அதற்கு இன்னும் இரண்டு பாட்டிலாவது வேண்டும். நாங்களும் வெளியில் கேட்டுக்கொண்டிருக்கிறோம், நீங்களும் தேடுங்கள், மத்தியானத்துக்குள் கிடைத்தால் நல்லது. 

அக்கா என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "டேய், நீதான் ரத்தத்துக்குன்னு ஏதோ ஆப்பு வெச்சிகினு கீறியே, அதுல பாருடா!"

அவள் சொன்னது செல்போன் ஆப்பைத்தான். ஆனால் நான் வைத்திருந்தது நிஜமான ஆப்பு என்பது எனக்கே அப்போது தெரியாது.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன், அப்போதுதான் விளங்கும். நான் சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன். லிஃப்ட் பட்டனை ஐந்து தடவை அமுக்குகிற ஜாதி. சிக்னலில் முன்னால் நிற்பவன் பச்சை விழுந்தும் நகரவில்லை என்றால் அவன் பரம்பரையையே திட்டுவேன். கம்ப்யூட்டரில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்தால் மேஜைக்கடியில் என் காலும் ஆட ஆரம்பித்துவிடும்.

ஆபீசில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, ரத்தம் கொடுக்க விருப்பமுள்ளவர்களின் பட்டியல் ஒன்றை உருவாக்கியிருந்தோம். கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, லீவு நாளில் நாங்களாகச் செய்தது. போனில் ஊர்ப் பெயரையும் ரத்த வகையையும் அடித்தால், அந்த ஊரில் யார் யார் கொடுப்பார்கள் என்று பெயரும் நம்பரும் வரும். அதில் தேடும் பகுதியை எழுதியவன் என் நண்பன். மாமல்லபுரத்தை ஒட்டிய ஒரு குப்பத்தில் பிறந்து, படித்து, என்கூடவே வேலைக்குச் சேர்ந்தவன். முகாம் முகாமாகப் போய்ப் பேர் வாங்கிச் சேர்த்ததும் பெரும்பாலும் அவன்தான்.

அவன் எழுதிய தேடலுக்கு நாலு செகண்டு ஆகும்.

நாலு செகண்டு! என்னால் தாங்க முடியவில்லை. அவன் கல்யாணத்துக்காக மூன்று வாரம் லீவில் போன சமயம், அந்தத் தேடலின் கம்ப்யூட்டர் கோடைத் திறந்து உட்கார்ந்தேன். உள்ளே பார்த்தால் ஒரு நீளமான ஊர்ப் பெயர்ப் பட்டியல். செங்கல்பட்டு என்றால் செங்கை, செங்கல்பேட், சிங்கிள்பேட் என்று ஒரே ஊருக்குப் பத்து விதமாக எழுதி வைத்திருந்தான். யாராவது தேடினால், பதிவான ஒவ்வொருவரின் ஊரையும் இந்தப் பட்டியல் முழுவதோடும் ஒப்பிட்டு, எழுத்து முன்பின் இருந்தாலும் விடாமல் துழாவிக்கொண்டிருந்தது. நேரம் ஆகாமல் என்ன செய்யும்? இதென்னடா குப்பை என்று அத்தனையையும் தூக்கிக் கடாசினேன். ஊருக்கு ஒரு பெயர், அரசாங்க போர்டில் இருக்கும் சரியான பெயர், அது அப்படியே பொருந்தினால் போதும் என்று மாற்றி எழுதினேன். மூன்று சனி, ஞாயிறு போயிற்று. முடித்துப் பார்த்தால், அரை செகண்டு! மற்ற மூன்று பேரும் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மட்டும் அந்த ஆப்பைத் திறந்து திறந்து ஐம்பது தடவையாவது தேடிப் பார்த்திருப்பேன். ரத்தம் தேவைப்பட்டு அல்ல, வேகத்தை ரசிக்க.

நண்பன் லீவு முடிந்து வந்தான். பெருமையாகக் காட்டினேன். அவன் முகத்தில் ஒரு சந்தோஷத்தையும் காணோம்.

"நாலு செகண்டு யாருக்கு மச்சான் பேஜாரு? ரத்தம் தேடறவன் அரை நாளு போன் பண்ணிகினு கீறான். பாதிப் பேரு நம்பரை மாத்திட்டாங்க. சனிக்கிழமை உக்காந்து ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு அதைச் சரி பண்ணலாம் வா."

போன் போடுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன், மறைக்க ஒன்றுமில்லை. எனக்கு வேலை என்றால் கோடு எழுதுவது. நம்பர் சரிபார்ப்பது வேறு யாராவது செய்ய வேண்டியது. பிறகு அவன் அந்த ஊர்ப் பெயர்ப் பட்டியல் எங்கே என்று கேட்டான். தேவையில்லாததையெல்லாம் தூக்கிவிட்டேன் என்றேன். "மச்சான், ஜனங்க எழுதறது..." என்று ஆரம்பித்தான். முடிக்க விட்டேனா? உன் கோடில் கை வைத்துவிட்டேன் என்று வயிற்றெரிச்சல், அதை ஒப்புக்கொள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு பட்டியல் வேலைக்கு வருவதையே நிறுத்திவிட்டான். ஆறு மாதமாக எங்களுக்குள் எதிரே பார்த்தால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான்.

இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வருகிறேன். போனை எடுத்துச் செங்கல்பட்டு, ஓ நெகட்டிவ் என்று அடித்தேன். கண்மூடித் திறப்பதற்குள் இரண்டு பெயர்கள். முதல் நம்பர் உபயோகத்தில் இல்லை. இரண்டாமவர் போன மாதம்தான் கொடுத்தாராம், பாவம், மன்னிப்புக் கேட்டார். மாமல்லபுரம் என்று அடித்தேன். ஒரே ஒருவர். அவர் வேலை மாற்றலில் பெங்களூர் போய்விட்டார். திருப்போரூர் அடித்தேன். யாரும் இல்லை. மதுராந்தகம், யாரும் இல்லை. அணுபுரம், யாரும் இல்லை. அரை செகண்டு, அரை செகண்டு, அரை செகண்டு. நான் எழுதிய கோடு, நான் மூன்று வாரம் தூக்கம் கெட்டுச் செதுக்கிய கோடு, என் முகத்தில் அடித்தாற்போல் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அவ்வளவு வேகமாகச் சொல்கிறதே, உண்மையாகத்தான் இருக்கும் என்றுதான் நானும் நம்பினேன். சந்தேகமே வரவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மணி பத்தரை. நர்ஸ் வந்து கிடைத்ததா என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் செல்போனைப் பார்த்தேன். தெரிந்தவர்கள், அறிந்தவர்கள் என்று இருபது பேருக்கு மேல் போன் போட்டாயிற்று. கடைசியில்தான், வேறு வழியே இல்லாமல், ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு நண்பனுக்குப் போன் போட்டேன்.

எடுத்தான். விஷயத்தைச் சொன்னேன். பழசு எதையும் அவன் பேசவில்லை. "இரு, என் லேப்டாப்புல பழைய கோடு கீது. எந்த ஊரு?" என்றான். செங்கல்பட்டில் இருந்த இரண்டு பேரையும் கேட்டாயிற்று, மாமல்லபுரம் பார் என்றேன். "சுத்துது, இரு."

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எண்ணினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வட்டம் சுற்றி முடிக்கும்வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன்.

"அஞ்சு பேரு கீறாங்க மச்சான்."

அஞ்சா? எனக்கு ஒருவர்தானே வந்தது என்று கத்தினேன்.

"உனுக்கு மாமல்லபுரம்னு எழுதினவன்தான் வருவான். எங்க ஜனங்கள்ல எவன் அப்படி எழுதறான்? மூணு பேரு மாபலிபுரம்னு போட்டுக்கீறாங்க. ஒரு டீச்சரம்மா ஊர் பேரே போடாம வெறும் டவுன்ஷிப்புன்னு போட்டுக்கீது, அது அணுபுரம், பக்கத்து ஊருன்னு அதையும் இதுலயே சேத்து வெச்சிருந்தேன்."

எனக்கு யாரோ பின்மண்டையில் ஒன்று போட்டது மாதிரி இருந்தது. ஏனென்றால் எங்கள் வீட்டிலும் யாரும் மாமல்லபுரம் என்று சொன்னதே கிடையாது. பஸ்ஸில் ஏறினால் நானே "மாபலிபுரம் ஒண்ணு" என்றுதான் டிக்கெட் கேட்பேன். அணுபுரத்தில் வேலை பார்ப்பவர்களைப் பற்றிப் பேசினால் நாங்களும் டவுன்ஷிப்காரர்கள் என்றுதான் சொல்வோம். இதே மண்ணில் பிறந்து வளர்ந்தவன், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் மட்டும் போர்டில் இருப்பதுதான் ஊர்ப் பெயர் என்று முடிவு கட்டியிருக்கிறேன். நான் குப்பை என்று கடாசியது, எங்கள் ஜனங்கள் வாய்நிறையச் சொல்கிற பெயர்களை.

பெங்களூர்க்காரர் போக மீதி நாலு பேரை ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக்கொண்டு போன் போட்டோம். ஒருவர் எடுக்கவில்லை, ஒருவருக்குக் காய்ச்சல். மற்ற இரண்டு பேரும் உடனே கிளம்புகிறேன் என்றார்கள். அவர்கள் வந்து சேரும்வரை நான் படியில் இறங்கி வாசலுக்கு ஓடுவதும், மறுபடி ஏறி அக்காவிடம் வருவதுமாக இருந்தேன். முதலில் டீச்சரம்மா ஸ்கூட்டியில் வந்தார். ஸ்கூலில் ஒரு பீரியடை மாற்றிவிட்டு வந்தவர், கொடுத்து முடித்து, பத்து நிமிடம் படுத்திருந்துவிட்டு, அக்காவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அவரிடம் சரியாக நன்றி சொல்லக்கூட எனக்கு வாய்க்கவில்லை.

அடுத்து வந்தவர் கடலுக்குப் போகிறவர். நாற்பது வயதிருக்கும். காலையில் கரை திரும்பி, மீனை ஏலத்தில் விட்டுவிட்டு, நேராக பைக்கில் வந்திருந்தார். சாப்பிட்டீர்களா என்று நர்ஸ் கேட்டதற்கு, "நாஸ்தா துண்ணுட்டுதான் வந்தேன், நீ எடு சிஸ்டர்" என்று கையை நீட்டிவிட்டார். எல்லாம் முடிந்து ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவராகப் பேச ஆரம்பித்தார்.

"முகாம்ல பேரு குடுத்ததுலேர்ந்து அப்பப்ப யார்னா கூப்புடுவாங்க, வந்து குடுத்துட்டுப் போவேன். இப்ப ஆறு மாசமா ஒரு போன் இல்ல. நம்ம ரத்தத்துல இன்னாமோ கோளாறு கீது, அதான் பேரை எடுத்துட்டாங்கன்னு நினைச்சிகினேன். வூட்ல சொல்லிகூட வருத்தப்பட்டேன்."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அண்ணே, உங்க பேரு வராம பண்ணது நான்தான்" என்றேன். திகைத்துப்போய், இன்னாத்துக்கு என்று கேட்டார். என்ன சொல்வது? தேடுவதற்கு நாலு செகண்டு ஆயிற்று, அதை அரை செகண்டாகக் குறைப்பதற்காகச் செய்தேன் என்று உள்ளதைச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார். "சரி, மிச்சமான நேரத்தை வெச்சிகினு இன்னா பண்ணீங்க?"

குடித்து முடித்த டப்பாவை அவரே கூடையில் போட்டுவிட்டு, "மாமா நல்லா ஆயிடுவாரு, அழாத" என்று என் முதுகில் தட்டிவிட்டுக் கிளம்பினார். நான் அழுதுகொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

ரத்தப் பரிசோதனையெல்லாம் முடிந்து, சாயங்காலம் ஆபரேஷன் நடந்தது. மாமா பிழைத்துக்கொண்டார். கொஞ்சம் காலைச் சாய்த்து நடக்கிறார், மறுபடி வண்டி ஓட்டுகிறார்.

அந்த வார சனிக்கிழமை நண்பன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "போடா லூசு" என்றான், அவன் மனைவி காபி கொடுத்தார். பழைய கோடைத் திரும்பப் போட்டோம். இரண்டு மாதம் சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து, பட்டியலில் இருக்கும் அத்தனை பேருக்கும் போன் போட்டு நம்பரைச் சரி செய்தோம். அதெல்லாம் முடிந்து சாவகாசமாக, ஒரு பெயரையும் விடாமல், அந்தத் தேடலை ஒரு செகண்டுக்குக் கொண்டுவந்தேன். ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை. இப்போதெல்லாம் ஆபீசில் யாராவது ஒரு கோடை வேகப்படுத்த வேண்டும் என்று வந்தால், முதலில் இரண்டு கேள்வி கேட்கிறேன். இதற்காக யார் காத்திருக்கிறார்கள், இது மெதுவாக இருந்து என்ன வேலையைச் செய்துகொண்டிருக்கிறது? பாதிப் பேர் அத்தோடு எழுந்து போய்விடுகிறார்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் சரிசெய்ய முடியவில்லை. யார் எந்த ஊரைத் தேடினார்கள் என்று அல்ல, எந்த ஊர், எந்த ரத்த வகை, எத்தனை மணிக்குத் தேடப்பட்டது, என்ன பதில் போனது என்று மட்டும் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும். அந்த ஆறு மாதத்தில் யாரும் இல்லை என்று பதில் போனவற்றை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன். திரையை நகர்த்த நகர்த்த வந்துகொண்டே இருந்தது. சிலர் ஒரே ஊரை, ஒரே ரத்த வகையை, சில நிமிட இடைவெளியில் மூன்று தடவை, நாலு தடவை அடித்துப் பார்த்திருந்தார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள். எனக்காவது கடைசியில் கூப்பிட ஒரு நண்பன் இருந்தான். நான் அனுப்பிய அந்த 'இல்லை'யை உண்மை என்று நம்பிப் போனை மூடிவைத்தவர்களுக்கு அன்று என்ன ஆயிற்று என்பது எனக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை.