குதிரைக்கு ஒரு பதிவேடு

மாரிமுத்துவின் குடும்பம் மூன்று தலைமுறையாக எங்கள் வயலைச் சாகுபடி செய்தது. குத்தகைப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறாதபடி கர்ணத்தைச் சரிக்கட்டி, பெயரில்லை என்று சொல்லியே அவரை வெளியேற்றினேன்.

இன்று இங்கிலாந்தில், குதிரைப் பந்தய ஊரான நியூமார்க்கெட்டில், ஒரு பந்தயக் குதிரையின் கல்லறை முன் நிற்கிறேன். குதிரை லாயத்துக் கிழவர் தடித்த வம்சாவளிப் பதிவேட்டைத் தட்டிக் காட்டுகிறார்.

“ஒரு குட்டிகூட விட்டுப்போகல. என் கொள்ளுத்தாத்தா பேரு எனக்கே தெரியாது சார், இவனோடது தெரியும்!” என்று சிரிக்கிறார்.

எனக்கு என்மீதே பற்றிக்கொண்டு வருகிறது. குதிரைக்குக்கூட இவர்கள் மறுக்காததை ஒரு மனிதருக்கு மறுத்தேனே!

இங்கே புறப்பட்டு வருமுன், இறந்துபோன மாரிமுத்துவின் மகனுக்கு அந்த நிலத்தை எழுதிவைக்க, கீழ்வேளூர்ப் பதிவு அலுவலகத்துக்கு அவரை அழைத்தேன். பத்திரத்தைப் படித்தார்.

“தானம்னு போட்டிருக்கீங்க. எங்கப்பா உங்ககிட்ட தானமாங்க கேட்டாரு?”

கையெழுத்துப் போடாமல் எழுந்து போய்விட்டார்.