கட்டிலை ஒட்டி நின்ற பெட்டி

அந்த ஓசை முதலில் காதுக்கு வராது, உள்ளங்காலுக்குத்தான் வரும். அரியலூரில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டின் ஒற்றை அறையில், அப்பா பேஸ் கிடாரை மடியில் சாய்த்துக்கொண்டு அதன் தடித்த கம்பியை ஒருமுறை சுண்டினால், தரையில் ஏதோ ஊர்ந்து வந்து குதிகாலில் ஏறும், அலமாரியில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றையொன்று உரசிக் கிணுகிணுக்கும், அதற்குப் பிறகுதான் "தூம்" என்று ஒரு சத்தம் வந்ததாகவே தோன்றும். அந்த அதிர்வை நம்பித்தான் எங்கள் வீடு, திரும்பக் கிடைக்காத கொஞ்ச காலத்தைத் தொலைத்தது.

அப்பாவுக்குச் சிமெண்டு ஆலை ஸ்டோரில் வேலை. திருவிழாக் காலத்திலும் முகூர்த்த நாட்களிலும் ஒரு "லைட் மியூசிக் பார்ட்டி"யோடு வாசிக்கப் போவார். அந்த பேஸ் கிடார் அவருக்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். லெப்பைக்குடிக்காட்டு ஜமால் பாய் சார்ஜாவிலிருந்து ஊர் திரும்பும்போது கிடார் என்று நினைத்து ஆசையாக வாங்கி வந்துவிட்டு, வீட்டில் உறையைப் பிரித்த பிறகு திகைத்துப் போனாராம். "ஆறு கம்பி இருக்கணுமாம்ல தம்பி? எனக்கு நாலுதான் இருக்கு. பேசிப் பேசியே ரெண்டு கம்பிய உருவிட்டான் கடைக்காரன்!" என்று அவர் புலம்ப, "இல்ல பாய், இது பேஸு, நாலு கம்பிதான் முழுசு" என்று அப்பா எவ்வளவோ சொல்லியும், "என்னையத் தேத்தாதீங்க" என்று சொல்லி, அதை அதன் ஒலிபெருக்கிப் பெட்டியோடு அப்பாவுக்கே விற்றுவிட்டார்.

பெட்டி என் இடுப்புயரம் இருக்கும். அறையில் வேறு இடமில்லாததால் மரக்கட்டிலின் கால்மாட்டை ஒட்டி அதை நிறுத்தியிருந்தோம். அந்தக் கட்டில்தான் என் தம்பி குமரனின் உலகம். தவறி விழாதபடி இரண்டு தலையணைகளை அணைகொடுத்து அவனை அதில் உட்கார வைத்துவிட்டு அம்மா சமையலைப் பார்ப்பாள். அப்பா வாசிக்கத் தொடங்கியதும் குமரன் சட்டென்று பெட்டியின் பக்கம் திரும்பி, வாய் நிறையச் சிரித்து, கட்டில் சட்டத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டு குதிப்பான். தெருவில் சுண்ணாம்புக்கல் லாரி போனாலும் அப்படித்தான், லாரி வீட்டைக் கடக்குமுன்பே ஜன்னல் பக்கம் தலை திரும்பிவிடும். "எம்புள்ளைக்குப் பாம்புக் காது" என்பார் அப்பா.

ஆனால் இரண்டு வயது தாண்டியும் குமரன் பேசவில்லை. "அம்மா" என்றுகூடச் சொல்லவில்லை. வசம்பு இழைத்து நாக்கில் தடவிப் பார்த்தார்கள். "இவங்கப்பனும் லேட்டாத்தான் பேசுனான், ஆம்பளப் புள்ளைக அப்படித்தான்" என்று உடையார்பாளையத்திலிருந்து வந்து போகும் அத்தை, அப்பாவின் அக்கா, முதலில் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா மட்டும் யாரும் பார்க்காத நேரத்தில் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அவன் திரும்ப மாட்டான். சாப்பாட்டுத் தட்டைத் தரையில் போடுவாள். சில நேரம் திரும்புவான், சில நேரம் திரும்ப மாட்டான். அத்தையின் கண்ணில் ஒருமுறை அது பட்டுவிட்டது. "தாயி, நீயே புள்ளையக் கண்ணு வச்சுடாத" என்று சொல்லிவிட்டு உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். அம்மா டாக்டரிடம் போகலாமா என்று கேட்கும்போதெல்லாம் அப்பா கம்பியைச் சுண்டுவார், குமரன் திரும்பிச் சிரிப்பான். அதற்கு மேல் பேச அம்மாவிடம் என்ன இருந்தது? கேட்காத பிள்ளை எப்படித் திரும்பும்?

அந்தப் பங்குனியில் அத்தைதான் வேறொரு காரணத்தைக் கண்டுபிடித்தார். "பாட்டும் இல்ல கீட்டும் இல்ல, உரல்ல உலக்கை போட்டாப்புல நாளெல்லாம் இடிச்சுக்கிட்டிருந்தா பச்சப்புள்ள எப்படி வாயத் தொறக்கும்? அரண்டு போயில்ல கெடக்குது!" என்றார். "அரண்டா சிரிப்பானாக்கா?" என்று அப்பா மல்லுக்கு நின்றார். ஆனால் அம்மா அத்தையின் பக்கம் சேர்ந்துகொண்டாள். அம்மா ஆசிரியப் பயிற்சி முடித்தவள், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. இப்போது யோசித்தால், கோளாறு சத்தத்தில்தான் என்றால் சத்தத்தை நிறுத்திவிட்டால் பிள்ளை சரியாகிவிடுவான் என்கிற ஆறுதலைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள் என்று தோன்றுகிறது. அம்மாவிடம் கேட்டால் வேறு விதமாகச் சொல்லக்கூடும், நான் கேட்டதில்லை. வீட்டில் சோறு பரிமாறும் சத்தத்தைத் தவிர வேறு பேச்சில்லாத சில நாட்களுக்குப் பிறகு, "வித்துத் தொலைக்கிறேன், போதுமா?" என்றார் அப்பா.

வாங்க வந்தவர் அதே ஜமால் பாய். இதற்குள் அவர் கல்யாண மேடைகளுக்கு "சவுண்ட் செட்" வாடகைக்கு விடும் தொழிலில் இறங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, கீழே வேனை நிறுத்திவிட்டு மூச்சு வாங்க மாடியேறி வந்தவர், "அந்த சார்ஜாக்காரன் யோக்கியன்தான் தம்பி. நான்தான் வெவரங்கெட்டவன்" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. கம்பியைத் துடைத்து, ஜாக்கைச் சொருகி, வாசித்துக் காட்டினார். குமரன் திரும்பினான், குதித்தான். ஜமால் பாய் மட்டும் முகத்தைச் சுளித்தார்.

"பொட்டி கரகரங்குதே. உள்ள ஸ்பீக்கர் கோன் கிழிஞ்சு போச்சா?"

"அது கட்டில் அதிருற சத்தம் பாய். பொட்டி சுத்தமா இருக்கு."

"வாங்குறவன் நான்ல? வெளிய தூக்கி வச்சு ஒரு தடவ வாசிங்க."

இருவருமாகப் பெட்டியைத் தூக்கிப்போய், வாசலுக்கு வெளியே மொட்டை மாடியில், பாய் கொண்டு வந்திருந்த கனத்த கம்பளியை மடித்துப் போட்டு அதன்மேல் வைத்தார்கள். ஒயர் வாசற்படியைத் தாண்டி நீண்டு கிடந்தது. அப்பா படியிலேயே உட்கார்ந்து வாசித்தார். கரகரப்பு இல்லாமல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல அவ்வளவு சுத்தமாக வந்தது சத்தம். "என்னா சார், கச்சேரிய காலையிலயே ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று தெருவிலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். "மாஷா அல்லா!" என்றார் ஜமால் பாய்.

கட்டிலில் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த குமரன், டம்ளருக்குள் கரண்டியைப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தான். திரும்பவில்லை.

அம்மா டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். மேலே தூக்கிய கை அப்படியே நின்றது.

"இன்னொரு தடவ வாசிங்க" என்றாள். அப்பா வாசித்தார். "கூட்டி வச்சு வாசிங்க." கூட்டி வைத்து வாசித்தார். எனக்குக் காது அடைத்தது. குமரன் கரண்டியை எடுத்தான், போட்டான்.

"அண்ணே, பொட்டிய உள்ள கொண்டாங்க."

"எதுக்கு தங்கச்சி? அதான் நல்லா கேக்குதே?"

"கொண்டாங்கண்ணே."

அவள் குரலில் என்ன இருந்ததோ, பாய் அப்பாவோடு சேர்ந்து பெட்டியைத் தூக்கி வந்தார். கட்டிலை ஒட்டிப் பழைய இடத்தில் வைத்து, சத்தத்தை நன்றாகக் குறைத்து வாசிக்கச் சொன்னாள் அம்மா. குமரன் உடனே திரும்பிச் சிரித்தான். அவனை அப்படியே வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, சுவர், கட்டில் எதிலும் படாமல் அறையின் நடுவில் போய் நின்றாள். அவன் முகம் அவள் தோளுக்குப் பின்னால் இருந்தது.

"இப்ப வாசிங்க."

அப்பாவின் விரல் கம்பியின்மேல் இருந்தது. அசையவில்லை. அவர் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசிங்கங்க."

வாசித்தார். குமரன் அம்மாவின் தோட்டைத் திருகிக்கொண்டிருந்தான். "மெதுவா வாசிக்கிறான், அதான்... கூட்டி வையிடா தம்பி, கூட்டி வையி" என்றார் அன்றும் வந்திருந்த அத்தை. அவரே மறுபடியும் அதைச் சொன்னார், பாதியில் அழுகை வந்துவிட்டது. அந்த நேரம் தெருவில் ஒரு லாரி போயிற்று. அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. தம்பி தோட்டை விடவில்லை.

ஜமால் பாய் டீயைத் தொடவில்லை. "பொட்டி எங்கயும் போயிடாது தம்பி, பொறவு பாத்துக்கலாம். மொதல்ல புள்ளயக் கவனிங்க. நாளைக்குத் திருச்சிக்குப் போறதுன்னா நானே வண்டி கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டுக் கம்பளியை மடித்து எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் அவர் வேனில்தான் போனோம். கண்ணாடி அறையில் உட்கார வைத்துப் பரிசோதித்தார்கள். இரண்டு காதும் ஏறக்குறைய கேட்கவில்லை. "கொஞ்சம் முன்னாடியே கொண்டு வந்திருக்கலாமே" என்று டாக்டரம்மா குற்றம் சொல்லும் தொனியே இல்லாமல்தான் சொன்னார். ஆனாலும் அந்த வாக்கியத்தை அம்மா இன்றுவரை இறக்கி வைக்கவில்லை. காதுக்குக் கருவி மாட்டி வீட்டுக்கு வந்த அன்று, லாரி போனபோது குமரன் சிரிக்கவில்லை, வீறிட்டு அழுதான். லாரிக்குச் சத்தம் உண்டு என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

பேஸ் கிடாரை விற்கச் சொன்ன அம்மாவே அதை விற்கக் கூடாது என்றாள். குமரன் திருச்சியில் விடுதியோடு கூடிய பள்ளிக்குப் போன பிறகுதான் அது ஜமால் பாயிடம் போயிற்று. முதல் விடுமுறைக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்க் கட்டிலின் கால்மாட்டுச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்திருந்தான். அப்பா எழுந்து கீழே போய்விட்டார்.

அந்த மாடி வீட்டை இடித்துவிட்டார்கள். கட்டிலும் இல்லை. ஜமால் பாயிடமிருந்து பேஸ் கிடார் யார் யாரிடம் கைமாறியதோ, அவருக்கே நினைவில்லை. நான் இப்போது பெரம்பலூரில் இருக்கிறேன். தவழ்கிற வயதில் எனக்கொரு மகள். பிறந்த உடனேயே காதைப் பரிசோதித்து, எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். சான்று பீரோவில் இருக்கிறது. ஆனாலும் குக்கர் விசில் அடித்து அவள் திரும்பும்போது, மிக்ஸி ஓடி அவள் திரும்பும்போது, திரும்பியது காதா, தரையா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. "எத்தன தடவதான் சோதிப்ப? பரிச்சைக்குப் போற புள்ளயா அது?" என்று என் கணவர் கேலி செய்கிறார். சிரித்துவைக்கிறேன். அவர் வேலைக்குப் போனதும் மறுபடி கைதட்டுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை குமரன் வந்திருந்தான். பாயில் உட்கார்ந்து விளையாடிய குழந்தையின் முதுகுக்குப் பின்னால் நான் கைதட்டியதை, அடுக்களைக்குத் தண்ணீர் குடிக்கப் போனவன் பார்த்துவிட்டான். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவன் அருகில் வந்து, அவனுக்கே உரிய தடித்த, ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைக்கும் பேச்சில், "அக்கா, தரையில வேணாம். தூக்கிக்க" என்றான். யார் சொல்லி அவனுக்கு அது தெரியும் என்று தெரியவில்லை, நான் சொன்னதில்லை.

தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அறையின் நடுவில் நின்றேன். அவன் எனக்குப் பின்னால் வாசல்வரை போனான். கைதட்டுவான் என்று நினைத்தேன். அவன் என் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். எவ்வளவு மெதுவாகக் கூப்பிட்டோம் என்பது அவனுக்குத் தெரிந்திருக்காது, எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

என் தோளுக்குமேல் எம்பி, அவள் மாமாவைப் பார்த்துச் சிரித்தாள். குமரன் கைநீட்டிக் குழந்தையைக் கேட்டான். இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லலாமா என்று நான் கொஞ்ச நேரம் கொடுக்காமல் நின்றேன்.