முசாண்டாவின் காலி உறை

தீப்பெட்டி அளவுக்கு மடித்து ஒட்டிய ஒரு காகித உறை. அதை எங்கள் மேடம் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார், தீர்ந்துபோன மாத்திரை அட்டையைத் தடவிப் பார்க்கிறவரைப் போல. உள்ளே ஒன்றும் இருக்காது. இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் வருஷத்துக்கு ஒருமுறை அது ஒட்டியிருக்கும் தாளை எடுக்கச் சொல்லி அழுத்திப் பார்ப்பார்.

நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன். உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் அறை என் பொறுப்பு; எல்லோருக்கும் நான் 'கீப்பர்'. இருபத்திரண்டு பீரோ, நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு தாள். ஒவ்வொரு தாளிலும் கிளை, இலை, பூ இருக்கும். காயும் விதையும் போட்டுவைக்கத்தான் அந்தச் சிறிய உறை. பூ மட்டும் இருந்து காய் இல்லாத தாள், மேடம் கணக்கில், பாதி எழுதிய கடிதம். அவர் துறைத் தலைவராக இருந்த காலத்தில் அப்படிப் பாதியில் நின்றது ஒன்றே ஒன்றுதான். சிவப்பு முசாண்டா.

ஆப்பிரிக்காவின் வெப்பக் காடுகளில், ஆற்றோரமாக மற்ற மரங்களின்மேல் சாய்ந்து வளரும் புதர் அது. எங்கள் ஆய்வகத்து வாசலில் குழாயடியில் நின்றது. பார்க்கிற எல்லோரும் அந்தச் சிவப்பைப் பூ என்றுதான் நினைப்பார்கள். அது பூ இல்லை. ஒவ்வொரு பூவுக்கும் அடியில் ஐந்து புல்லிகள் உண்டு. நான்கு நூல்போல ஒல்லியாக நின்றுவிடும். கொத்துக்குச் சில பூக்களில் ஐந்தாவது மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து, வெல்வெட் துணிபோலச் சிவந்துவிடும். உண்மையான பூ அதன் பக்கத்தில், நடுவில் சிவப்புப் பொட்டு வைத்த வெளிர்மஞ்சள் நட்சத்திரமாக அடக்கமாக இருக்கும். யாராவது சிவப்பைத் தொட்டு "என்ன அழகான பூ" என்றால் மேடம், "அது பூ இல்லீங்க, போர்டு. கடை உள்ள இருக்கு" என்பார்.

கடை இருந்ததே தவிர வியாபாரம் நடக்கவில்லை. இருபது வருஷம் பூத்தது, ஒரு காய்கூட இல்லை. நான் தினமும் கொத்துகளை எண்ணுவேன். ஒரு ஐப்பசியில் நூற்று நாற்பத்தேழு கொத்து. காய், பூஜ்யம்.

மேடம் ஓய்வுபெறப் பதினோரு மாதம் இருக்கும்போது ஒரு பூவின் குழலைப் பாதி பிளேடால் நீளவாக்கில் கீறி என்னிடம் லென்ஸைக் கொடுத்தார்.

"பாருங்க கீப்பர். சூல்தண்டு நீளமா வாய் வரைக்கும் வந்து நிக்குது. மகரந்தப் பை உள்ள பள்ளத்துல கிடக்குது. இந்த இனத்துல இதுக்கு நேர் எதிரா ஒரு ரகம் உண்டு. தண்டு குட்டை, மகரந்தம் வாயில. ரெண்டும் சேர்ந்தாத்தான் காய்க்கும். நம்மளுக்கு ஒரு மாப்பிள்ளை வேணும்."

பெண்ணைப் பெற்ற வீட்டாரைப் போல நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்பினோம். சிவப்பு தெரிகிற வீட்டிலெல்லாம் கதவைத் தட்டி ஒரு பூ கேட்பது, வாசலிலேயே கீறிப் பார்ப்பது. பிளேடோடு ஒரு கிழவன் பூ கேட்டால் யார் கொடுப்பார்கள் என்று எனக்கு ஒரே கவலை. மேடத்தின் கண்ணாடியைப் பார்த்துக் கொடுத்தார்கள். சிதம்பரத்தில் பதினொரு வீடு, கடலூரில் ஏழு. பதினெட்டும் நீளத் தண்டு.

பத்தொன்பதாவது வீடு கிள்ளையில். டவுன் பஸ்ஸில் போனோம். கூரைக்குமேல் ஏறி நின்றது செடி. கடலோரத்துக் கிராமத்தில் இருக்கிறதே, இது வேறாகத்தான் இருக்கும் என்று மேடம் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டார். கீறினேன். நீளம். வீட்டுக்கார அம்மாவிடம் மேடம், இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

"சிதம்பரத்துல எங்க நாத்தனாரு வீட்டுல ஒடிச்சதுங்க. அவுங்களுக்கு அங்க காலேஜ்ல ஒருத்தர் குடுத்தாராம். பால் பாக்கெட்டுல மண்ணு போட்டுக் குடுப்பாராம். குடுத்துட்டுச் சும்மா இருக்க மாட்டாராம். எத்தினி இலை விட்டுருக்கு, எத்தினி இலை விட்டுருக்குன்னு போன் போட்டுக் கேட்டுக்கிட்டே இருப்பாராம். நாத்தனாரு தொல்லை தாங்காம வாய்க்கு வந்த நம்பரைச் சொல்லிடுவாங்களாம்."

மேடம் என்னைப் பார்க்கவில்லை. செடியைப் பார்த்துக்கொண்டே, "அப்புடியா, பாவம் உங்க நாத்தனாரு" என்றார்.

கல்யாணம், கிரகப்பிரவேசம், பணிநிறைவு விழா எதுவானாலும் அந்தக் குழாயடிச் செடியில் ஒரு குச்சி ஒடித்துப் பால் பாக்கெட்டில் வைத்துக் கொடுப்பது எங்கள் துறையின் வழக்கம். ஒடித்தவன் நான். இருநூற்றுப் பதினேழு குச்சி, நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். ஒரு செடியின் குச்சி எங்கே ஊன்றினாலும் அதே செடிதான் என்பது முப்பத்தோரு வருஷம் தாவரவியல் துறையில் இருந்தவனுக்கு உறைக்கவில்லை. மூன்று ஊரிலும் மாப்பிள்ளை தேடி அலைந்தோம். கதவைத் திறந்ததெல்லாம் எங்கள் பெண்ணேதான். திரும்பும் பஸ்ஸில் மேடம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிதம்பரம் வரும்வரை சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த இலை எண்ணிக்கைகளில் எது நிஜம், எது பொய் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஓய்வுபெற்ற நாளில், தாளில் 'காய்ப்பதில்லை' என்று எழுதிவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் கீப்பர். அப்புடி எழுதினா செடி மேல குத்தம் சொன்ன மாதிரி ஆயிடும். தப்பு நம்மளுது. காலியாவே இருக்கட்டும்" என்றார். கடைசியாக ஒருமுறை உறையை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

இப்போது நான் கடலூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். மாடியில் தொட்டியில் அந்தச் செடிதான், இருநூற்றுப் பதினெட்டாவது குச்சி. போன வருஷம் எதிர்வீட்டுக்கு வயநாட்டிலிருந்து ஒரு குடும்பம் குடிவந்தது. லாரியில் கட்டிலோடு ஒரு சிவப்பு முசாண்டாவும் இறங்கியது. சிதம்பரத்தில் யாராவது கொடுத்ததா என்று மூன்று தடவை கேட்டேன். அவர்கள் சிதம்பரத்தையே பார்த்ததில்லை. ஒரு பூ வாங்கிவந்து கீறினேன். தண்டு குட்டை. மகரந்தம் வாயில். பூவைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மருமகள், "மாமாவுக்குச் சுகர் எறங்கிடுச்சு" என்று வாயில் சர்க்கரையைப் போட்டாள்.

அதன் மகரந்தத்தை ஊசி முனையில் எடுத்து எங்கள் செடியின் முப்பத்தெட்டுப் பூவில் தடவினேன். மூன்று காய் பிடித்தது. ஒன்று உதிர்ந்தது. ஒன்றைக் கொண்டைக்குருவி தின்றது. மூன்றாவதுக்குக் கொசுவலைத் துண்டு கட்டி, பழுக்கும்வரை காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் போய்ப் பார்த்தேன். மயிர் படர்ந்த சின்ன நீள்வட்டக் காய். உலர்த்தி, டிபன் டப்பாவில் பஞ்சு வைத்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். இப்போதைய கீப்பர் நல்ல பெண். தாளை எடுத்துக் கொடுத்தாள். நானே உறைக்குள் போட்டேன். அங்கிருந்தே பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கும் மேடத்துக்குப் போன் செய்தேன்.

உறைக்குள் காய் வந்துவிட்டது என்று சொன்னேன். "எத்தனை விதை கீப்பர்?" என்றார்.

"தெரியாது மேடம்."

"நீங்களா? தெரியாதுங்கிறீங்களா?"

"எண்ணணும்னா உடைக்கணும். இருக்குறது ஒண்ணுதான்."

போனில் அவர் சிரிப்பது கேட்டது, கிள்ளை பஸ்ஸில் சிரித்த மாதிரி, வாயை மூடிக்கொண்டு. நான் கட்டைவிரலால் உறையை அழுத்திப் பார்த்தேன். கல்லுப்போல ஒன்று விரலில் இடித்தது.