புழுங்கல் என்று சொன்னேன்

என் தகப்பனாரின் நோய் அவருடைய கால் பெருவிரலில் தொடங்கியது.

அவர் மாட்டுவண்டி ஓட்டுகிறவர். கப்பல்துறைக் கிட்டங்கியிலிருந்து (சரக்குக் கிடங்கு) சிராங்கூன் ரோட்டுக் கடைகளுக்கு மூட்டை ஏற்றி வருவார். அவர் சாட்டை எடுத்து நான் பார்த்ததில்லை. மாட்டின் வாலடியில் பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்துவார். எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு வேகம்.

ஒரு நாள் சாயங்காலம் வண்டியை அவிழ்த்துவிட்டு வந்தவர், "செவலைக்குக் கொழுப்பு ஏறிப்போச்சு. அழுத்துறேன், அழுத்துறேன், நகர மாட்டேங்குது" என்றார்.

மாட்டின் மேல் குற்றமில்லை. விரல் மாட்டின் மேல் படுகிறதா இல்லையா என்பதே அவருக்குத் தெரியாமல் போயிருந்தது. அது எங்களுக்குப் புரிவதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது.

வீட்டில் யாருக்காவது கால் மரத்துப்போய், காரணம் தெரியாமல் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோயைப் பற்றி மட்டும் எழுதினால் அரைப்பக்கத்தில் முடிந்துவிடும். நான் செய்ததையும் சேர்த்து எழுதினால்தான் உங்களுக்குப் பயன்படும். அதற்குத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவனே. தாயார் காலமான பிறகு அப்பாவும் நானும் மட்டும்தான். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்தோம். மிஷன் பள்ளிக்கு அவர் வண்டியிலேயே மூட்டைகளின் மேல் உட்கார்ந்து போவேன். பள்ளி வாசலுக்கு ஒரு தெரு முன்னாலேயே இறங்கிக்கொள்வேன். ஏன் என்று அவர் கேட்டதில்லை.

பிறகு ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி (எழுத்தர்) வேலை கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னோடு வேலை பார்க்கும் ஞானமுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். அடுப்பில் ரங்கூன் புழுங்கலரிசி வெந்துகொண்டிருந்தது. அதன் வாசனை உங்களுக்குத் தெரியும்.

அவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "என்ன தம்பி, கிராணி வீட்டுக்கு வந்தேனா, கூலி லயத்துக்குள்ள (கூலிகளின் வரிசைக் குடியிருப்பு) பூந்துட்டேனா?" என்று சிரித்தார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். என்னால்தான் சிரிக்க முடியவில்லை.

மறுநாளே புழுங்கலரிசியை நிறுத்தினேன். நன்றாகத் தீட்டிய சயாம் வெள்ளையரிசி மூட்டையொன்று வாங்கிவந்து போட்டேன். மல்லிகை மொட்டுப்போல இருந்தது. அப்பா கையில் அள்ளிப் பார்த்து, "கலியாணத்துக்கு வாங்குற மாதிரில்ல இருக்கு" என்றார். கொஞ்ச நாள் கழித்து, "வயிறு நெறையுது தம்பி, ஆனா பசி நிக்கல" என்றார். பழகிவிடும் என்றேன்.

பக்கத்து அறையில் இருந்த அஞ்சலையக்கா சும்மா விடவில்லை. "அண்ணே, இனி கட்டவண்டி எதுக்கு? துரை மாதிரி குதிரவண்டி வாங்கிப் போடச் சொல்லுங்க ஒங்க மகன" என்பாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மத்தியானச் சாப்பாட்டை நான் ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டேன். அங்கே போட்டது புழுங்கலரிசிச் சோறு. கூடவே பருப்பும் மீனும். வெள்ளையரிசியை மூன்று வேளையும் தின்றவர் அப்பா ஒருவரே. தொட்டுக்கொள்ளக் கருவாடு, அல்லது வெறும் ரசம்.

நாலைந்து மாதம் போயிருக்கும். பெருவிரலில் தொடங்கிய மரப்பு பாதத்துக்கு ஏறி, கணுக்காலுக்கு வந்தது. ஒரு நாள் வண்டியிலிருந்து இறங்கும்போது முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொட்டகைக்காரர்கள் வாதம் என்றார்கள். ஒருவர் வேப்பெண்ணெய் கொண்டுவந்தார், ஒருவர் மிளகுத் தைலம் கொண்டுவந்தார். கெண்டைக்காலைப் பிடித்து உருவினால் அலறினார். மேல்தோலில் உணர்ச்சி இல்லை, உள்சதையில் மட்டும் உயிர்போகிற வலி. இது என்ன கணக்கு என்று யாருக்கும் விளங்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

நடையில் இருந்த பலகையில் காத்திருந்தபோது டிரஸ்ஸர் (டாக்டருக்கு உதவியாளர்) என்னிடம் இங்கிலீஷில் பேச்சுக் கொடுத்தார். அவர் மலாய்க்காரர். "இந்த வார்டு டாக்டருக்கு அரிசிப் பைத்தியம்" என்றார். "யார் வந்தாலும் முதலில் என்ன அரிசி என்று கேட்டு நோட்டில் எழுதுவார். இந்தக் கால் வியாதிக்கு வெள்ளையரிசிதான் காரணமாம். மற்ற டாக்டர்கள் கிருமி என்கிறார்கள், ஈரத்தரை என்கிறார்கள். இவர் பின்கட்டில் கோழி வளர்த்து, அதற்கும் தீட்டிய அரிசியைப் போட்டுப் பார்க்கிறார்."

நான் சிரித்தேன். ஆனால் வீட்டில் இருந்த சயாம் மூட்டைதான் கண்ணுக்குள் நின்றது.

டாக்டர் ஊருக்குப் புதியவர், இளைஞர். தமிழும் தெரியாது, மலாயும் தெரியாது. அப்பாவைக் கட்டில் ஓரத்தில் கால் தொங்க உட்காரவைத்து, முழங்காலுக்குக் கீழே கையின் விளிம்பால் தட்டினார். நல்ல கால் என்றால் தானாக எகிற வேண்டுமாம். அப்பாவின் கால் தொங்கியபடியே இருந்தது.

"பக்கவாதம் இல்லை" என்றார். "அது மூளையில் இரத்தம் தடைப்பட்டு உடம்பின் ஒரு பக்கத்தை அடிக்கும். இங்கே இரண்டு காலும் ஒன்றுபோலத் தளர்ந்திருக்கின்றன. இது பெரிபெரி." (நரம்புகள் நலிந்து, கால் மரத்து, உடம்பு வீங்கி, முற்றினால் இருதயத்தையும் பிடிக்கிற நோய்.) பிறகு நோட்டைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார். "ஆனால் தமிழர்களிடம் இதை நான் அதிகம் பார்க்கவில்லை. எந்த அரிசி சாப்பிடுகிறார், கேள்."

கேட்டேன். அப்பா நிதானமாகச் சொன்னார்: "முன்னெல்லாம் நம்ம புழுங்கல்தான் தொரே. இப்ப அஞ்சாறு மாசமா தம்பி வெள்ளரிசி வாங்கியாறான். நல்ல ஒசந்த அரிசி. எனக்குத்தான் அது ஒட்டல. அவன் ஆசையா வாங்குறான், வேண்டாம்னு சொல்ல மனசு வரல."

நான் டாக்டரிடம், "புழுங்கல்" என்று சொன்னேன்.

அவர் பேனா நின்றது. "நிச்சயமாகவா?"

"ஆம், ஐயா. எப்போதும் புழுங்கல்தான்."

புருவத்தைச் சுளித்துக்கொண்டே எழுதினார். அதே வார்டில் இன்னும் மூன்று தமிழர்கள் வேறு நோய்களோடு கிடந்தார்கள். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதையும் என்னை வைத்தே கேட்டு எழுதிக்கொண்டார். அவர்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். போகும்போது, "உன் தகப்பனாருக்கு வீட்டுச் சோறே வரட்டும். புழுங்கல் என்றால் பாதகமில்லை" என்றார்.

அப்போதாவது வீட்டில் அரிசியை மாற்றியிருக்கலாம் அல்லவா என்று கேட்பீர்கள். மாற்றவில்லை. அப்பாவுக்குச் சோறு பொங்கிக் கொடுத்தவள் அஞ்சலையக்கா. அரிசியை மாற்றினால் ஏன் என்று கேட்பாள். அது ஒரு காரணம். அந்த டாக்டரின் எண்ணம் தப்பாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதுதான் பெரிய காரணம். அரிசியை மாற்றினால் அவர் சொல்வதை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே தினமும் வெள்ளைச் சோற்றைத் தூக்குவாளியில் எடுத்துப்போய், என் கையாலேயே பிசைந்து ஊட்டினேன்.

ஒரு வாரத்தில் காலில் வீக்கம் கண்டது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. பிறகு வயிறு உப்பியது. படுத்தால் மூச்சு முட்டியது. முதுகுக்குத் தலையணை அடுக்கி உட்காரவைத்தார்கள். அடுத்ததாகக் குரல் போயிற்று. தொண்டை நரம்பும் நலிந்துவிட்டது என்றார் டிரஸ்ஸர். என்னைப் பார்த்து அப்பா வாயை அசைத்தார். காற்றுதான் வந்தது.

அவர் பேசியபோது அந்தப் பேச்சை விழுங்கியவன் நான். இப்போது அவருக்குப் பேச்சே இல்லை. தூக்குவாளியைத் திறக்காமல் எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போனேன்.

மூடியைத் திறந்து மேசைமேல் வைத்தேன். "ஐயா, இது வெள்ளையரிசி. அஞ்சாறு மாதமாக அவர் சாப்பிடுவது இதுதான். அன்றைக்கே அவர் சொன்னார். நான்தான் மாற்றிச் சொன்னேன்."

அவர் சோற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏன்?"

தூக்குவாளியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் திட்டவில்லை. நோட்டைப் புரட்டி அப்பாவின் வரியை அடித்தார். "இந்த ஒரு வரியால் என் எண்ணமே தவறோ என்று ஒரு வாரம் குழம்பினேன்" என்றார். பிறகு, "மற்ற மூன்று பேருக்கும் நீதானே கேட்டுச் சொன்னாய்?"

"அவர்கள் சொன்னதையே சொன்னேன், ஐயா."

"அதை நான் எப்படி நம்புவது?"

டிரஸ்ஸரைக் கூப்பிட்டு, அந்த மூவரையும் என் எதிரிலேயே மலாயில் திரும்பக் கேட்கச் சொன்னார். மூவரும் முன்பு சொன்ன பதிலையே சொன்னார்கள். அதனால் எனக்கு ஒரு ஆறுதலும் ஏற்படவில்லை. அவர்களில் ஒருவர், "என்ன தம்பி, தொரைக்கு மறந்துபோச்சா?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து புழுங்கலரிசிக் கஞ்சியும் வேகவைத்த பாசிப்பயறும் கொடுத்தார்கள். இருதயத்துக்கு ஒரு மருந்தும் உண்டு. மூன்று நாள் பிழைப்பாரா மாட்டாரா என்று இருந்தது. நாலாம் நாள் நீர் பிரிந்தது. வீக்கம் இறங்க இறங்க, வற்றிய காலிரண்டும் குச்சிபோல வெளியே வந்தன. "சரியான காரணம் இன்னும் யாருக்கும் தெரியாது" என்றார் டாக்டர். "தவிட்டோடு எதுவோ போய்விடுகிறது. நரம்புக்கு அது தேவைப்படுகிறது. அது என்ன என்பதைத் தேடிக்கொண்டிருக்கிறோம்." ஆகவே படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: டாக்டர் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், சாப்பிடுவதைச் சொல்லுங்கள். சாப்பிட விரும்புவதைச் சொல்லாதீர்கள்.

குரல் திரும்பி வந்தபிறகு அப்பா ஒரு நாள் தானாகவே பேச்செடுத்தார். "நான் அன்னைக்கு எவ்வளவு சொன்னேன். நீ ஒரே வார்த்தையில முடிச்சிட்டியே. இங்கிலீசுல எல்லாம் அப்படிச் சுருக்கமாத்தான் இருக்குமோன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவர் சந்தேகப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் படிப்பை நம்பியிருக்கிறார். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். ஞானமுத்து மூக்கைச் சுருக்கியதையும், ஒரு தெரு முன்னால் இறங்கியதையும்கூடச் சொன்னேன்.

அப்பா தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப அந்த நோட்டுல என்னயப் பத்தித் தப்பால்ல எழுதியிருப்பாரு. மாத்தச் சொன்னியா?"

"மாத்தியாச்சு அப்பா."

"சரி" என்றார். மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த வருஷத்தை நாங்கள் மாதப் பெயரால் எண்ணவில்லை. முழங்காலுக்கு உணர்ச்சி வந்தபோது, கணுக்கால் வந்தபோது, குதிகால் வந்தபோது என்றுதான் எங்களுக்குள் பேச்சு. நரம்பு அவ்வளவு மெதுவாகத் திரும்புகிறது. பெருவிரல் மட்டும் இன்னும் வரவில்லை. தடி ஊன்றி நடக்கிறார். வண்டியை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். எனக்கும் சாப்பாடு பழையபடி இறங்குவதில்லை. ஒரு பருக்கை வாயில் போகும்போதும், அது அப்பாவின் காலுக்குப் போயிருக்கவேண்டியது என்று தோன்றுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை செவலையை வண்டியில் பூட்டச் சொன்னார். பிடித்து ஏற்றி உட்காரவைத்தேன். காலை நீட்டினார்.

"தம்பி, வெரல் படுதா?"

குனிந்து பார்த்தேன். ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது.

"படல அப்பா."

இன்னும் நீட்டினார். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"பட்டுருச்சு."

என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு அழுத்தினார். செவலை நடந்தது.