அண்ணை பார்க்காத யானைகள்

லண்டன் ரெய்னர்ஸ் லேன் வீட்டில், குசினியில் சாப்பாட்டு மேசையடியில் நான் இருந்தேன், மனைவி இருந்தாள், அவளின் அண்ணை இருந்தார். ஆபிரிக்காவில் பொட்ஸ்வானா போய் முதல்நாள்தான் திரும்பியிருந்தோம்.

அவர்களின் தகப்பனை முன்பு இலங்கையில், வன்னி வயலில், யானை அடித்துக் கொன்றது. அண்ணை அப்போது பக்கத்தில் நின்றவர். ஒருக்கா நேரில் பார்த்தால் பயம் போகும் என்று இந்தப் பயணத்துக்குக் கேட்டவரும் அவர்தான். ஆனால் யானைகள் ஆற்றில் தண்ணீர் குடிக்க வந்தபோது, ஜீப்பில் கண்ணை மூடிக்கொண்டே இருந்துவிட்டார்.

நான் அப்போது எடுத்த படத்தை மனைவி போனில் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

“படம்தானே அண்ணை. போனுக்குள்ளால வராது.”

“உன்ர வாய்.”

அவர் கண்ணாடியைப் போட்டார். “இது குட்டியோ?”

“ஓம்.”

விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். நடுவில் எண்ணிக்கை பிழைத்தது. திரும்ப முதலில் இருந்து எண்ணினார்.

முப்பத்தொன்று.